7 ஏக்கர் மனைப்பிரிவு: ஒரே வாசல், ஒரு மூடிய தெரு. வரைபடத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லுங்கள்

ஏரிக்கரைவாசி

செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் நகருக்குக் கிழக்கே சுமார் 7 ஏக்கர் நிலம் மனைப்பிரிவாகப் போகிறது. ஒரு காலத்தில் நன்செய், பிறகு வெகுகாலம் தரிசு. மொத்தம் 128 மனைகள். வரைபடத்தின் நகல் கைக்கு வந்திருக்கிறது. நகர் ஊரமைப்பு அலுவலகத்தின் தொழில்நுட்ப ஒப்புதல் இன்னும் ஆகவில்லை. பேசுவதானால் இப்போதே பேச வேண்டும்.

படத்தை இங்கே ஏற்ற விரும்பவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன். நிலம் வடக்கு தெற்காக நீண்ட செவ்வகம். கிழக்கு எல்லையில் ஏரிக்கரையை ஒட்டி ஒன்றியச் சாலை போகிறது. ஒரு பஸ் வந்தால் எதிரே வரும் பைக் மண்ணில் இறங்கியாக வேண்டும், அவ்வளவுதான் தார் அகலம். மனைப்பிரிவின் ஒரே வாசல் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது. சாலை ஏரிக்கரையோடு வளைந்து திரும்பும் இடம் அதற்குப் பக்கத்திலேயே. உள்ளே நடுவில் 12 மீட்டர் சாலை, இருபுறமும் 7.2 மீட்டர் தெருக்கள். மேற்கில் ஒரு 9 மீட்டர் தெரு, எங்கள் நகரின் இரண்டாம் தெருவுக்கு நேராக வந்து நிற்கிறது. நடுவில் எங்கள் சங்கம் கட்டிய சுவர். வரைபடத்தில் அந்த இடத்தில் ‘இணைப்புச் சாலை’ என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த வாசல் அங்கே இருக்கலாமா? சுவரை இடித்துத் தெருவை இணைப்பதை நாங்கள் எதிர்க்க வேண்டுமா, ஏற்க வேண்டுமா? சங்கத்தில் இதைப் பேசினாலே சண்டையாகிறது.

மூன்றாம்தெரு

செயலாளர் ஐயா, நானும் நம் நகர்வாசிதான், அதனால் நேராகவே சொல்கிறேன். சுவர் இருக்க வேண்டும். இணைத்தால் 128 வீட்டு வண்டிகளும் நம் தெரு வழியாகத்தான் நெடுஞ்சாலைக்குப் போகும். ஏரிக்கரை வளைவில் யார் போவார்கள்? வீடு கட்டும் காலத்தில் செங்கல் லாரி, மணல் லாரி, கம்பி லாரி எல்லாம் நம் வாசலில். தெருவில் விளையாடும் பிள்ளைகளை எங்கே அனுப்புவது? அவர்கள் மனை விற்று லாபம் பார்க்க நம் தெரு எதற்கு?

மைல்கல்

நெடுஞ்சாலைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். மனைப்பிரிவு வரைபடம் பார்க்க வருபவர்கள் எல்லாரும் முதலில் உள்தெருவின் அகலத்தைக் கேட்பார்கள். நான் முதலில் வாசலைத்தான் பார்ப்பேன். உள்ளே 40 அடி சாலை போட்டுவிட்டு, அது போய்ச் சேரும் ஊர்ச்சாலை 12 அடியாக இருந்தால் அந்த 40 அடியால் என்ன பயன்? விளம்பரத்தில் அச்சடிக்கலாம்.

உங்கள் ஒன்றியச் சாலை அநேகமாக 3.75 மீட்டர் இருக்கும். சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கில் அது ஒற்றைத் தடம். 5.5 மீட்டர் இருந்தால் இடைநிலைத் தடம், 7 மீட்டர் இருந்தால்தான் இரட்டைத் தடம். ஒற்றைத் தடச் சாலையில், வளைவுக்குப் பக்கத்தில், 128 வீட்டுக்கும் ஒரே வாய். இதற்கு மேல் எனக்கு வரைபடமே வேண்டாம்.

ஆனாலும் நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, தடையைப் பார்த்த பிறகு நிற்க 45 மீட்டர் வேண்டும். 50 கி.மீ. என்றால் 60 மீட்டர். வாசல் வரப்போகும் இடத்தில் ஒருவர் நிற்கட்டும். இன்னொருவர் வளைவுப் பக்கமிருந்து சாலையின் நடுவே நடந்து வரட்டும். கண் மட்டம் 1.2 மீட்டர், அதாவது காரில் உட்கார்ந்திருப்பவரின் கண். நின்றபடி பார்த்தால் எல்லாம் தெரிவது போலத்தான் இருக்கும், கொஞ்சம் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். முதலில் கண்ணில் படும் இடத்திலிருந்து வாசல் வரை டேப்பில் அளந்து எழுதுங்கள்.

சதுரஅடி

இந்தத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் மறுபக்கத்தையும் சொல்கிறேன். வாசலை மூலையில் வைப்பவர் முட்டாள் இல்லை. வடக்கே தள்ளினால் நடுவில் வாய்க்கால் குறுக்கிடும். ஏரி மதகிலிருந்து வருகிற வாய்க்கால் என்றால் சிறுபாலம் கட்ட நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அது கைக்கு வருவதற்குள் வங்கி வட்டி நிலத்தின் விலையைத் தின்றுவிடும். தெற்கு மூலையில் வாய்க்கால் இல்லை, அதனால் வாசல் அங்கே வந்திருக்கும். ஒப்புதல் கேட்கிறவரை எல்லாரும் திருடனைப் போலப் பார்க்கிறீர்கள். மனைப்பிரிவின் சாலைகளையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஒரு மனையை விற்க முடியும். 7 ஏக்கரில் சாலை போக மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி. கணக்குப் போட்டுப் பாருங்கள், விற்கக் கிடைப்பது எவ்வளவு என்று.

மைல்கல்

வட்டி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வட்டியை ஒருவர் சில மாதம் கட்டுவார். தவறான வாசலுக்கு 128 குடும்பம் ஆயுள் முழுக்கக் கட்டும்.

நெறியாளர்

நிறுவனத்தின் பெயரோ ஊரின் பெயரோ யாரும் எழுத வேண்டாம். ஒரு பதிவில் இருந்ததை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

ஆவணம்

பத்திரம் எழுதுவது என் தொழில். இணைப்பா சுவரா என்று உணர்ச்சியில் பேசுவதற்கு முன்னால் மூன்று காகிதம் எடுங்கள்.

முதலாவது, உங்கள் பழைய நகரின் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம். இரண்டாம் தெரு கிழக்கு எல்லையைத் தொட்டு முடிகிறதா, அல்லது எல்லைக்கு முன்னால் ஒரு மனை அதை மறிக்கிறதா என்று பாருங்கள். எல்லையைத் தொட்டால், அடுத்த நிலம் மனையாகும்போது தொடர்ந்து போவதற்காகவே அந்தத் தெரு விடப்பட்டது என்று பொருள். அந்தத் தெரு தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போயிருந்தால் அது பொதுச்சாலை. பொதுச்சாலையின் குறுக்கே சங்கம் சுவர் கட்ட முடியாது. கட்டியிருந்தால் அதன் பெயர் ஆக்கிரமிப்பு. யாராவது ஒரு மனு போட்டால் போதும்.

இரண்டாவது, புதிய நிலத்தின் சர்வே எண்களுக்கான புலப்படம், அதாவது நில அளவைப் படம். மூன்றாவது, எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டின் நகல். வண்டிப்பாதை, வாய்க்கால், ஓடை என ஏதாவது புறம்போக்கு உள்ளே ஓடுகிறதா என்பது இவற்றில்தான் தெரியும். புலப்படத்தில் இரட்டைப் புள்ளிக்கோடாக ஒரு பாதை தெரிந்தால், அதை வரைபடத்தில் எந்த மனைக்குள் விழுங்கியிருக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பாருங்கள். பல வழக்குகள் அங்கேதான் முளைக்கின்றன. வாங்குகிறவர் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பார். புலப்படத்தை எடுத்து மனைப்பிரிவு வரைபடத்தின் மேல் வைத்துப் பார்ப்பவர் அபூர்வம்.

மனைத்தேடல்

வணக்கம். அதே மனைப்பிரிவில் மனை பேசிக்கொண்டிருக்கும் குடும்பத்தில் நானும் ஒருவன். இழையைப் படித்த பிறகு வயிற்றைக் கலக்குகிறது. எங்களுக்குக் காட்டிய வண்ணப் படத்தில் மேற்கு இணைப்பு ஏற்கெனவே திறந்த சாலை போல வரைந்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் சுவர் இருப்பதே இங்கே வந்துதான் தெரிகிறது. “நெடுஞ்சாலைக்கு 4 நிமிடம்” என்று சொன்னது அந்த வழியை வைத்துத்தான் போலிருக்கிறது.

எங்களுடன் வயதான தாயார் இருக்கிறார். 108 வண்டி வந்து திரும்ப முடியுமா என்பதுதான் என் முதல் கவலை. நாங்கள் பார்க்கும் மனை வடமேற்கில், ஒரு 7.2 மீட்டர் தெருவின் கோடியில். அந்தத் தெரு அதோடு முடிந்துவிடுகிறது.

டேங்கர்

நான் தண்ணீர் லாரி வைத்திருக்கிறேன். ஆம்புலன்ஸ் எப்படியாவது பின்னால் எடுத்து வந்துவிடும். நான் என் கதையைச் சொல்கிறேன், அதைக் கேட்டுவிட்டு மனை வாங்குங்கள்.

7.2 மீட்டர் தெரு என்பது தானப் பத்திரத்தில்தான் 7.2. வீடு கட்டியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் ஏறச் சாய்தளம் தெருவுக்குள் நீளும். இருபுறமும் முக்கால் மீட்டர் என்று வையுங்கள், 5.7 ஆகிவிட்டது. ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்தினால் மிச்சம் 3.8. மைல்கல் ஐயா சொன்ன ஒற்றைத் தடம் அதுதான். இன்னொரு பக்கமும் ஒருவர் நிறுத்தினால் நான் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மின்கம்பத்தின் இழுவைக் கம்பி, தாழத் தொங்கும் கேபிள், வாசலில் வைத்த துளசி மாடம் எல்லாவற்றையும் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்புவது இன்னொரு பிரச்சினை. எந்த நகருக்குள் போனாலும் மூலை மனையின் சுற்றுச்சுவரைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் ஒரு நீளச் சிராய்ப்பு இருக்கும், சில இடத்தில் பூச்சு பெயர்ந்து செங்கல் தெரியும். முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டும். வண்டி நீளமாக ஆக அதிகம் வெட்டும். தேர் திரும்பும் முக்கில் முட்டுக்கட்டை போடுகிறவர்களைக் கேட்டால் இதை அழகாகச் சொல்வார்கள். மூலையை வெட்டி விட்டிருந்தால் எனக்கும் பிழைப்பு, வீட்டுக்காரருக்கும் நிம்மதி. வரைபடத்தில் மூலைகளைச் சாய்வாக வெட்டித்தான் காட்டுவார்கள். வீடு கட்டுகிறவர் அந்த முக்கோணத்தையும் சேர்த்துச் சுவர் எழுப்பிவிடுவார்.

கோடியில் முட்டி நிற்கும் தெரு என்றால் நான் பின்னாலேயே வர வேண்டும். அதிகாலை நான்கு மணிக்குப் பின்பக்கம் விளக்குப் பிடிக்க ஆள் இல்லாமல் அது எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். வாசலில் கோலம் போட உட்கார்ந்திருப்பார்கள். தயவுசெய்து கோடியில் வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள் தம்பி.

மைல்கல்

டேங்கர் நண்பர் சொன்னதற்கு மேல் பாடப் புத்தகம் தேவையில்லை. அளவு வேண்டுமென்றால் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் தீயணைப்பு வண்டிக்குச் சொல்லியிருப்பதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்: வாசல் 6 மீட்டருக்குக் குறையாமல், திரும்பும் ஆரம் 9 மீட்டர். அது உயரமான கட்டடங்களுக்கான விதி. மனைப்பிரிவுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் வண்டி அதே வண்டிதான்.

சதுரஅடி

கோடித் தெரு வேண்டாம் என்கிறீர்கள். நாற்சந்தியும் வேண்டாம் என்பீர்கள், முச்சந்தி வையுங்கள் என்பீர்கள். வைத்தால் தெருக்குத்து மனை என்று வாங்க ஆள் வரமாட்டார்கள். தெரு நேராக வந்து குத்தும் மனையை விலையைக் குறைத்துக் கூவினாலும் விற்காது. வாஸ்து பார்க்காத ஒரு வாடிக்கையாளரைக் காட்டுங்கள், என் கமிஷனை விட்டுவிடுகிறேன்.

மைல்கல்

இது நல்ல கேள்வி, கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்சந்தியில் வண்டிகளின் பாதைகள் மோதிக்கொள்ளும் புள்ளிகள் 32. முச்சந்தியில் 9. சிக்னலும் போலீஸும் இல்லாத உள்தெருவுக்கு எது நல்லது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தெருக்குத்துப் பயத்தால் நம் ஊர் மனைப்பிரிவுகள் சதுரங்கப் பலகைபோல நாற்சந்தியாகவே நிறைகின்றன. நேர்த்தெருவில் பைக் பறக்கிறது. பிறகு ஆளுக்கொரு வேகத்தடையைச் சொந்தச் செலவில் போடுகிறார்கள், இடுப்பை ஒடிக்கும் மேடு. விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். நம் தெருக்களில் இருப்பது அகலம் ஒரு முழம், உயரம் ஒரு சாண்.

தெருக்குத்துக்கு ஒரு வழி இருக்கிறது, கெட்டிக்கார வரைவாளர்கள் ஏற்கெனவே செய்கிறார்கள். தெரு குத்தும் இடத்தில் மனை போடாமல் பூங்கா இடத்தை வைத்துவிடுவார்கள். 10 சதவீதம் எப்படியும் கொடுத்தாக வேண்டும். அதை விற்காத மூலையில் ஒதுக்காமல் தெருவின் முகத்தில் வைத்தால் முச்சந்தியும் கிடைக்கும், பிள்ளைகள் விளையாடுவது எல்லா வீட்டுக் கண்ணிலும் படும். குத்தினால் வேப்பமரத்தைக் குத்தட்டும்.

சதுரஅடி

அதை ஒப்புக்கொள்கிறேன். நானே இரண்டு வரைபடத்தில் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

ஏரிக்கரைவாசி

ஞாயிற்றுக்கிழமை போய் அளந்தோம். மூன்றாம்தெரு நண்பரும் வந்திருந்தார், கோபத்தோடு என்றாலும் டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடித்தார்.

வளைவின் உட்புறம் ஒரு பழைய புளியமரம், அதன் அடியில் வேலிக்காத்தான் புதர். காரில் இருப்பவர் கண் மட்டத்தில் பார்த்தால் வாசல் தெரிவது அதற்கு 31 மீட்டர் தூரத்தில் வந்த பிறகுதான். புதரை ஒதுக்கிப் பிடித்துப் பார்த்தபோது 36. மரத்தை வெட்டுவது பற்றி யாரும் பேச வேண்டாம், ஊர் விடாது, நானும் விடமாட்டேன். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வந்தால் சரியாக இருக்கும். அந்தச் சாலையில் 30-இல் வருவது மாட்டு வண்டி மட்டும்தான். நாங்கள் நின்ற நேரத்திலேயே ஒரு கல்லூரிப் பஸ் வளைவை முழுதாக அடைத்துக்கொண்டு வந்தது. நாங்கள் கரையில் ஏறி நின்றோம்.

வடக்கே வாய்க்காலைத் தாண்டினால் சாலை நேர். இரு பக்கமும் 100 மீட்டருக்கு மேல் தடையின்றித் தெரிகிறது.

ஆவணம் அவர்கள் சொன்னபடி பழைய வரைபடத்தையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் தெரு எல்லையைத் தொட்டுத்தான் முடிகிறது. தெருக்கள் ஊராட்சிக்குத் தானமாகக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. புலப்படத்தில் ஏரி மதகிலிருந்து மேற்கே போகும் வாய்க்காலும், அதை ஒட்டி ஒரு வண்டிப்பாதையும் இருக்கின்றன. புதிய வரைபடத்தில் வாய்க்காலைக் காட்டியிருக்கிறார்கள். வண்டிப்பாதையைக் காணவில்லை. அது போகும் இடத்தில் 87 முதல் 91 வரை ஐந்து மனைகள் இருக்கின்றன.

மனைத்தேடல்

எங்களுக்குச் சொன்ன மனை 89.

ஆவணம்

அப்படியானால் இப்போதைக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். வண்டிப்பாதை புறம்போக்காக ‘அ’ பதிவேட்டில் இருந்தால் அதை யாரும் உங்களுக்கு விற்க முடியாது. பட்டா நிலத்தின் வழியாக வழக்கத்தில் இருக்கும் நிலவியல் பாதை என்றால் கதை வேறு, ஆனாலும் அதைப் பயன்படுத்தும் விவசாயிகளுக்கு வழி உரிமை இருக்கும். கதிர் அறுக்கும் இயந்திரம் அந்த வழியாகத்தான் மேற்கு வயலுக்குப் போகிறதா என்று விசாரியுங்கள். போகிறதென்றால் அறுவடைக் காலத்தில் உங்கள் வாசலில் வந்து நிற்கும்.

இன்னொன்று. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இன்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவுக்கு முன் விளம்பரம் செய்வதோ முன்பணம் வாங்குவதோ கூடாது. வரைபடம் ஒப்புதலாகி விற்பனை தொடங்கிய பிறகு தெருவை மாற்ற வேண்டுமென்றால் மனை வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வாங்குகிறவருக்கு அது பாதுகாப்பு. ஆனால் தவறான வாசலும் அதே பாதுகாப்போடு உட்கார்ந்துவிடும்.

மூன்றாம்தெரு

நேரில் போய் வந்த பிறகும் என் கருத்து மாறவில்லை, ஆனால் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அந்த வளைவில் தினமும் ஸ்கூல் வேன் வெளியே வருவதை நினைத்தால் எனக்கே பயமாக இருக்கிறது. சுவர் சட்டப்படி நிற்காது என்பதும் புரிகிறது. ஆனால் ‘பொதுச்சாலை’ என்ற ஒரு சொல்லில் எங்கள் தெருவை லாரிகளுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. சாய்தளம் போக எங்கள் 9 மீட்டர் தெருவிலும் மிச்சம் என்ன என்பதை டேங்கர் நண்பர் சொல்லட்டும்.

டேங்கர்

உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறேன் சார். காலை எட்டு மணிக்கு வரக்கூடாது என்பதைக் கற்றுக்கொண்டேன்.

மைல்கல்

மூன்றாம்தெரு நண்பரின் பயம் நியாயமானது. இணைப்பு என்றால் நேர்கோட்டில் இணைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வரைபடத்தில் அந்த 9 மீட்டர் தெரு, நடுச்சாலையிலிருந்து உங்கள் இரண்டாம் தெருவுக்கு நூல் பிடித்தாற்போல வருகிறது. குறுக்குவழிக்கு அழைப்பே அதுதான். அதைப் பூங்காவில் முட்டவிட்டு, ஒரு மனை தள்ளித் திருப்பி இணைத்தால், உள்ளே வசிப்பவர் போவார், அவசரமாகக் கடந்து போக நினைப்பவர் போகமாட்டார். தெரு வாயில் விதிப்படி ஒரு வேகத்தடை. கட்டுமானக் காலத்தில் கனரக வண்டிகள் கிழக்கு வாசல் வழியாக மட்டுமே வர வேண்டும் என்று ஊராட்சித் தீர்மானம். ஒரு வாசல் என்றால் எல்லாச் சுமையும் ஒரே இடத்தில், இரண்டு என்றால் பிரியும். ஒன்றில் மரம் சாய்ந்தாலும் மற்றதில் ஆம்புலன்ஸ் வரும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த மாவட்டத்தில் இருக்கிறீர்கள். ஏரிக்கரைச் சாலை ஒன்றையே நம்பி 128 வீடு என்பதை நான் கையெழுத்துப் போட்டு அனுப்பமாட்டேன்.

சிறுபாலத்தையும் பாருங்கள். வாசல் வடக்கே வந்தால் வாய்க்கால் மீது பாலம் வரும். 12 மீட்டர் சாலைக்கு 5 மீட்டரில் குழாய்ப் பாலம் போட்டுப் பணத்தை மிச்சம் பிடிப்பார்கள். சாலையின் முழு அகலத்துக்கும் பாலம் என்று நிபந்தனையில் எழுதச் சொல்லுங்கள். குழாயின் விட்டத்தை நீர்வளத் துறை முடிவு செய்யட்டும்.

சதுரஅடி

முழு அகலப் பாலம், தள்ளிய இணைப்பு, ஐந்து மனை குறைவு. சதுர அடி விலையில் ஏறும், அதையும் மனைத்தேடல் நண்பரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன், வண்டிப்பாதை விஷயம் உண்மையென்றால் அதை மறைத்தவரை நானும் ஆதரிக்கமாட்டேன். அப்படிப்பட்டவர்களால்தான் ஒழுங்காகத் தொழில் செய்கிறவனுக்கும் கெட்ட பெயர். விற்பனையாளர் இடத்தில் இருந்தால் நான் அந்தப் பாதையையே 7.2 மீட்டர் தெருவாக அகலப்படுத்தி வரைபடத்தில் சேர்த்திருப்பேன். வழியும் போகாது, வடமேற்குக் கோடித் தெருவும் இருக்காது.

மைல்கல்

இந்த இழையிலேயே சிறந்த யோசனை இதுதான். வண்டிப்பாதை தெருவானால் வடக்கு வாசலுக்கும் அதுவே நேர்வழி.

ஏரிக்கரைவாசி

இதை அப்படியே மனுவில் சேர்க்கிறேன். சங்கக் கூட்டத்தில் பேசி முடிவானது: வாசல் வாய்க்காலுக்கு வடக்கே, முழு அகலச் சிறுபாலத்தோடு, வண்டிப்பாதை தெருவாக, இணைப்பு நேர்கோட்டில் இல்லாமல் தள்ளி, கட்டுமான வண்டிகள் எங்கள் பக்கம் வரக்கூடாது. சுவரை நாங்களே எடுப்போம், ஆனால் கிழக்கு வாசலும் பாலமும் முடிந்த பிறகு. கடைசி வரியை எழுத வைத்தது மூன்றாம்தெரு நண்பர். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் ஒரு மனு, நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு ஒரு நகல், ஊராட்சித் தலைவரிடம் ஒன்று. மே 1 கிராம சபையில் தீர்மானமாக வைக்கவும் கேட்டிருக்கிறோம்.

மூன்றாம்தெரு

வேகத்தடை எங்கள் பக்கத்தில் எத்தனை என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

மனைத்தேடல்

விற்பனை அலுவலகத்தில் புலப்படத்தைக் காட்டிக் கேட்டேன். “சர்வேயரிடம் கேட்டுச் சொல்கிறோம்” என்றார்கள். மனை 89-ஐ விட்டு, பூங்காவுக்கு எதிரே 40-ஐப் பார்க்கச் சொல்கிறார்கள். முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. மனை வாங்குகிறவர்களின் கையெழுத்தும் மனுவில் இருக்கலாமா? எங்களில் சிலர் தயாராக இருக்கிறோம்.

ஏரிக்கரைவாசி

தாராளமாக. சனிக்கிழமை மாலை பிள்ளையார் கோயில் பக்கம் வாருங்கள், மனு அங்கே இருக்கும்.